மாக்கரோனி சாப்பாட்டில் சேர்த்தி இல்லை

மலாமாவுக்குப் பிள்ளைகள் நான்கு பேர் என்று பள்ளிப் பதிவேடு சொல்லும். நான் அடுத்த வீட்டுக்காரன், எண்ணிப் பார்த்திருக்கிறேன். காலையில் நான்கு. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பதினொன்று. இடையில் அந்த ஏழு பேர் எங்கிருந்து வருகிறார்கள், சாப்பாடு முடிந்ததும் எங்கே போகிறார்கள் என்பதை இந்தக் கப்வே நகரத்தில் இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

மூத்தவள் லொம்பே, ஏழு வயது. பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, அதனாலேயே ஆபத்தானவள். அடுத்து இரட்டையர், கபாசாவும் ம்புண்டுவும், நான்கு வயது. கடைசி சோலா, இரண்டு வயது. உலகத்தை நாக்கால் படித்துக்கொண்டிருந்தாள். சுவர், செருப்பு, சோப்பு, என் கைத்தடி எல்லாம் படித்து முடித்தாகிவிட்டது.

நான் முப்பத்தொரு வருஷம் சரக்கு ரயிலில் கார்டாக இருந்தவன். ஒரு நாள் கபாசா குளிக்கமாட்டேன் என்று கத்திய கத்தலில், இரண்டு தெரு தள்ளிப் போய்க்கொண்டிருந்த சரக்கு ரயில் நின்றுவிட்டது. அபாயச் சங்கு என்று ஓட்டுநர் நினைத்துவிட்டார். பாவம், அவர் இப்போது உயிரோடு இல்லை. இருந்தால் நீங்களே கேட்டுப் பார்க்கலாம்.

அவர்கள் பெம்பா இனம். நான் ங்கோனி. எங்கள் பாட்டன்மார் ஒருவரையொருவர் ஈட்டியால் குத்திக்கொண்டார்கள். அது அலுத்துப் போய், நாங்கள் கேலி முறையாகிவிட்டோம். நான் அவர்களைக் குரங்கு தின்னிகள் என்பேன். அவர்கள் என்னை எலி தின்னி என்பார்கள். யாரும் கோபிக்கக் கூடாது. கோபித்தால் அபராதம். சாவு வீட்டில்கூட இந்தச் சட்டம் செல்லும்.

மலாமா ஆரம்பப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. பட்டயப் படிப்பு படித்தால் மேல் வகுப்புக்குப் போகலாம். அதற்கு இரண்டு வருஷம், திங்கள் முதல் வியாழன் வரை மாலை வகுப்பு, ஐந்தரையிலிருந்து ஏழரை வரை. அதாவது சரியாக அந்தப் பதினொரு பேரும் வீட்டில் இருக்கும் நேரம்.

புருஷன் சாம்பா நல்லவன். ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிறவன். ஃப்ரிட்ஜுக்குள் வாயு எந்தக் குழாய் வழியாகப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று கண்ணைத் திறந்துகொண்டும் சொல்லமாட்டான்.

மலாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய அட்டை வாங்கி வந்து, இரண்டாம் வகுப்புக்குப் பாட அட்டவணை எழுதுகிற மாதிரி இரவுச் சாப்பாட்டு அட்டவணை எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினாள். திங்கள், பீன்ஸும் சோறும். செவ்வாய், மாக்கரோனி, தக்காளி, முட்டை. புதன், அவித்த சர்க்கரைவள்ளி, நிலக்கடலை. வியாழன், மறுபடி பீன்ஸும் சோறும். வெள்ளி, ரொட்டியும் இருப்பதும். சனி ஞாயிறு மட்டும் களி.

களி என்றால் எங்கள் ந்ஷிமாதான், வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டுவது. அதை வாரத்தில் ஐந்து நாள் அட்டவணையிலிருந்து எடுத்ததற்குக் காரணம் உண்டு. களிச் சட்டி கைக்குழந்தையைவிடப் பொறாமை பிடித்தது. முதலில் கஞ்சி கொதித்து ஆள் கையில் தெறிக்கும். பிறகு மாவைப் போட்டு, தோள்பட்டை கழன்று விழுகிற வரை துடுப்பால் திருப்ப வேண்டும். நடுவில் ‘யார் அங்கே கூரையில்?’ என்று பார்க்கப் போனால் கட்டி தட்டிவிடும்.

பீன்ஸுக்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். காலையில் கொதிக்க வைத்து, சட்டியோடு போர்வையில் சுற்றி, அட்டைப்பெட்டிக்குள் படுக்க வைத்துவிடுவாள். பக்கத்தில் இன்னொரு போர்வையில் சோற்றுச் சட்டி. சாயங்காலத்துக்குள் தானே வெந்துவிடும். கரி வேண்டாம், மின்சாரம் வேண்டாம், சாம்பாவும் வேண்டாம்.

“ஷாவா தாத்தா, எப்படி இருக்கு என் திட்டம்?” என்று கேட்டாள்.

“குரங்கு தின்னிகளுக்கு இவ்வளவு மூளை எப்பம்மா வந்துச்சு?”

“எலிப் பொறி வாங்கற காசை மிச்சம் பிடிச்சுப் புஸ்தகம் வாங்கினோம்.”

ஒரே ஒரு இடைஞ்சல் இருந்தது. சாம்பாவின் மூத்த அக்கா சிலேஷே. ம்பிக்காவில் இருக்கிறாள், அங்கே தேவாலய மாதர் சங்கத் தலைவி. தம்பியை வளர்த்தவள். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்கு அத்தை சொன்னால் சொன்னதுதான். அப்பன் ஆத்தாள் எல்லாம் அதற்குக் கீழே. அவள் ஃபோனில் சொன்ன தீர்ப்பு என் வீட்டு வரைக்கும் கேட்டது. ஃபோன் இல்லாமல் பேசியிருந்தாலும் கேட்டிருக்கும்.

“படி மலாமா, நான் வேண்டாங்கல. மூணு வாரம் பார். நாலாவது வாரம் நான் வந்து பாப்பேன். புள்ளைங்க ஒழுங்கா சாப்பிட்டிருந்தா நீ படி. இல்லைன்னா புஸ்தகத்தை மூட்டை கட்டிடு.”

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது செவ்வாய், மலாமா வகுப்புக்குப் போயிருந்தாள். சாம்பா மாக்கரோனி செய்து என்னையும் கூப்பிட்டான். தட்டில் அதைப் பார்த்து லொம்பே கேட்டாள்: “தாத்தா, இது சாப்பாடா?”

சாம்பாவைச் சீண்ட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணம் இல்லை. முகத்தைத் தேவாலயத்தில் வைத்துக்கொள்வதுபோல வைத்துக்கொண்டு சொன்னேன்: “இல்லடி கண்ணு. இது வாய்க்குப் பயிற்சி. களி உள்ள போனாதான் மனுஷன் சாப்பிட்டவன். யாராவது கேட்டா உண்மையைச் சொல்லணும்.”

“சோறு?”

“சோறும் பயிற்சிதான்.”

“சர்க்கரைவள்ளி?”

“அது பொழுதுபோக்கு.”

சாம்பா சிரித்தான். அவனுக்கும் மறுக்கத் தோன்றவில்லை, ஏனென்றால் இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். நானே கல்யாண வீட்டில் மூன்று தட்டு சோறும் கோழியும் தின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து ‘காலையிலிருந்து பட்டினி’ என்று களி கிண்டியிருக்கிறேன். ஆனால் லொம்பே அதைப் பாடமாக எழுதிக்கொண்டாள். நான் இரண்டு தட்டு மாக்கரோனி பயிற்சி செய்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

நாலாவது வாரம், புதன்கிழமை சாயங்காலம், சிலேஷே பஸ்ஸிலிருந்து இறங்கினாள். சாம்பா ஒரு குளிர்பதன அறை வேலைக்காக வெள்ளி வரை கபிரி ஊரில் இருந்தான். மலாமா வகுப்புக்குப் போகிற அவசரம். ஆகவே அவளை வரவேற்க நானும் நான்கு பிள்ளைகளும்தான் போனோம்.

இறங்கியதும் இரட்டையர் அவள் பையில் கையை விட்டு, வழிச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த ரொட்டியை எடுத்து இரண்டாகப் பிய்த்தார்கள். சோலா பையின் வாரைச் சப்ப ஆரம்பித்தாள். சிலேஷே முகம் மாறியது.

“லொம்பே, இங்க வா. இன்னிக்குச் சாப்பிட்டியா?”

“இல்ல அத்தை.”

“நேத்து?”

“இல்ல அத்தை.”

“அதுக்கு முந்தின நாள்?”

“அன்னிக்கும் இல்ல. ஞாயித்துக்கிழமை சாப்பிட்டோம்.” பிறகு, குறை சொல்கிறோமோ என்று நினைத்தாளோ என்னவோ, “சனிக்கிழமையும் சாப்பிட்டோம்” என்று சேர்த்தாள்.

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். அதற்குள் சிலேஷே எங்கள் ஊர் மாதர் சங்கத் தலைவி கலூபா அம்மாவுக்கு ஃபோன் போட்டுவிட்டாள். திறந்த வாயை அப்படியே மூடினேன். எனக்குத் தைரியம் உண்டு. அன்றைக்கு அது வீட்டில் இருந்தது.

ஆறரை மணிக்கு ஏழு பெண்கள் ஏழு சட்டிக் களியோடு வரிசையாக வந்தார்கள். பின்னால் பூசணிக்கீரை, கருவாடு, ஒரு முழுக் கோழி. ஆவி அவ்வளவு கிளம்பியது. தெருவில் போன சைக்கிள்காரன் மணி அடித்துக்கொண்டே போனான், பனி என்று நினைத்து. பிள்ளைகள் தின்றார்கள். அந்தப் பதினொரு பேரும் தின்றார்கள். மலாமா ஏழே முக்காலுக்குப் புத்தகப் பையோடு உள்ளே வந்தபோது, அவள் சமையலறையில் அவளுக்கு நிற்க இடம் இல்லை.

“என்ன அண்ணி இது?”

“நீதான் சொல்லணும். மூணு நாளா புள்ளைங்க பட்டினியாமே!”

“யார் சொன்னது? திங்கக்கிழமை பீன்ஸும் சோறும். நேத்து மாக்கரோனி, முட்டை போட்டு. இதோ பாருங்க, சர்க்கரைவள்ளி, அவிச்ச சட்டி இன்னும் சூடா இருக்கு.”

“நான் சாப்பாட்டைக் கேட்டேன் மலாமா.”

ஏழு பெண்களும் தலையை ஆட்டினார்கள். அவர்களுக்கும் சாப்பாடு என்றால் களிதான்; அதுதான் கஷ்டம். அவித்த கிழங்கு வீட்டில் இருந்தது என்று தெரிந்த பிறகும் ஒரு சட்டிகூடத் திரும்பிப் போகவில்லை.

“அடுத்த திங்கள்ல இருந்து வகுப்பு வேண்டாம்” என்றாள் சிலேஷே. “நாளைக்குப் போய் புஸ்தகத்தைக் குடுத்துட்டு, டீச்சர்மாருக்கு நன்றி சொல்லிட்டு வா. ராத்திரிச் சமையலை நான் பாத்துக்கறேன். எப்படிப் பண்றதுன்னு நீயும் தெரிஞ்சுக்கோ.”

சுவரில் இருந்த அட்டவணையின் ஒரு மூலை பிய்ந்து தொங்கியது. மலாமா அதை மட்டும் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டுப் போனாள். எனக்குக் களி தொண்டையில் இறங்கவில்லை. மூன்றாவது உருண்டைக்கு மேல் இறங்கவே இல்லை.

வியாழன் சாயங்காலம் நான் அவர்கள் வீட்டுக் கொல்லைக் கதவருகே ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“சமைக்கிற நேரத்துல இங்க என்ன வேலை, எலி தின்னி?” என்றாள் சிலேஷே.

“வேடிக்கை பாக்கறேன் அம்மா. குரங்கு தின்னிங்க வீட்டுல குரங்கு சமைக்கறதா, சமைக்கப்படறதான்னு.”

“ஏழு மணிக்கு வா. கீரை, கருவாடு, களி, மூணும் தட்டுல இருக்கும்.”

ஐந்தரைக்கு மலாமா புத்தகங்களைக் கட்டி எடுத்துக்கொண்டு போனாள். ஆறு மணிக்கு மின்சாரம் போனது. சிலேஷே அசரவில்லை, கரி அடுப்பைப் பற்ற வைத்தாள். அதற்குப் பிறகு நடந்ததை நான் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன்.

கஞ்சி கொதித்தது. மாவைப் போட்டுத் துடுப்பைத் தேடினாள். காணோம். துடுப்பு கொல்லையில் துணி துவைக்கும் தொட்டிக்குள் இருந்தது. இரட்டையர் அதில் உட்கார்ந்து ஏரியைக் கடந்துகொண்டிருந்தார்கள். பாதி ஏரியில் இறங்க முடியாது என்றார்கள். அவள் துடுப்பைப் பிடுங்கிக்கொண்டு வருவதற்குள் களி முதல் கட்டி தட்டியது.

“அத்தை, ‘வெள்ளிக்கிழமை’ எப்படி எழுதணும்?” என்றாள் லொம்பே. சொல்லிக்கொடுத்தாள். இரண்டாவது கட்டி.

கீரைச் சட்டியைத் திறந்தாள். உள்ளே சோலாவின் செருப்பு ஒன்று நிலக்கடலைப் பொடியோடு நன்றாக வெந்துகொண்டிருந்தது. இன்னொரு செருப்பைத் தேடினாள்; கருவாட்டில் இருந்தது. நான்கு கட்டிகள்.

“கபாசா எங்கே?”

“கூரையில.”

“ம்புண்டு?”

“கபாசாவைப் பிடிக்கப் போயிருக்கான்.”

“எலி தின்னி, போய் இறக்கேன்!”

“எனக்கு முழங்கால் வலி அம்மா. தவிர, சமைக்கிற நேரத்துல ஆம்பளைக்கு இங்க வேலை இல்லைன்னு சொன்னீங்க.”

அவள் ஏணி வைத்து ஏறி, ஒரு கைக்கு ஒரு பிள்ளையாக இறக்கிக்கொண்டு வந்தாள். வந்து பார்த்தபோது களி என்பது இல்லை. சட்டிக்குள் பதினேழு உருண்டைகள் இருந்தன. ஒன்றை உடைத்தாள், உள்ளேயிருந்து காய்ந்த மாவு புகைபோலப் பறந்தது. ஒன்றை நாய்க்குப் போட்டாள். நாய் முகர்ந்து பார்த்துவிட்டு மரியாதையாகப் புதைத்துவிட்டது. அந்த உருண்டை இன்றைக்கும் என் வேலியின் மூலைக்கால் சாயாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, வந்து பார்க்கலாம்.

ஏழே கால். சோலா அழுதாள். அவள் அழுவதைப் பார்த்து இரட்டையரும் அழுதார்கள். சிலேஷே தரையில் உட்கார்ந்து, தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மாதர் சங்கத் தலைவி தலைத்துணியை அவிழ்த்து நான் அதுவரை பார்த்ததில்லை. அப்போதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது.

லொம்பே மட்டும் அழவில்லை. “அத்தை, பெட்டியில தூங்கறதை எழுப்பட்டுமா?”

“பெட்டியிலயா? இன்னொண்ணு இருக்கா?” என்று சிலேஷே அலறினாள்.

லொம்பே மூலையிலிருந்த அட்டைப்பெட்டியைத் திறந்தாள். வியாழன் அட்டவணைப்படி மலாமா காலையிலேயே படுக்க வைத்துவிட்டுப் போயிருந்தாள். போர்வையைப் பிரித்ததும் பீன்ஸ் வாசனை வந்தது. வெங்காயம், தக்காளி எல்லாம் போட்டு, விரலால் நசுக்கினால் மசிகிற பதம். சோறு இன்னும் சூடு. ஐந்து தட்டுகளை லொம்பே வரிசையாக வைத்தாள்; அந்த ஏழு பேர் களி உருண்டைகளைப் பார்த்ததுமே மறைந்துவிட்டிருந்தார்கள். பிள்ளைகளின் வாய் நிறைந்ததும் வீடு அமைதியானது. இரண்டு தெரு தள்ளி ரயில் போகிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அந்த நேரத்தில் ரயில் உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

சிலேஷே ஒரு தட்டு சாப்பிட்டாள். இன்னொரு தட்டு சாப்பிட்டாள். சட்டியைச் சாய்த்துப் பார்த்துவிட்டு மூன்றாவது அரைத் தட்டும். எனக்கு ஒரு வாய்கூடக் கொடுக்கவில்லை.

மலாமா எட்டு மணிக்கு வந்தபோது, நாத்தனார் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மடியில் சோலா. ஆளுக்கொரு காலில் இரட்டையர். மலாமாவின் கையில் புத்தகக் கட்டு அப்படியே இருந்தது.

“குடுக்கலையா?” என்று வேலி வழியாகக் கேட்டேன்.

“அலுவலகம் பூட்டியிருந்துச்சு தாத்தா. காலையில குடுக்கச் சொன்னாங்க.” சொல்லிவிட்டுக் கட்டை மார்போடு பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு பெண்களும் தங்கள் சட்டிகளை வாங்கிப் போக வந்தார்கள். சிலேஷே வாசலில் நின்று, கழுவிய சட்டிகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். மலாமா பக்கத்தில் புறப்படத் தயாராக, கையில் புத்தகக் கட்டோடு. நான் வேலியில் சாய்ந்திருந்தேன், வேறு வேலை இல்லாததால்.

கலூபா அம்மா சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, எல்லாரும் எல்லாரையும் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டாள்: “ராத்திரி நல்லா சாப்பிட்டீங்களா தலைவி?”

சிலேஷே யோசிக்கவே இல்லை. “எங்க சாப்பிட்டோம், போங்க!”

ஏழு சட்டிகளும் காற்றில் நின்றன.

“சாப்பிடலையா?” கலூபா அம்மா மெல்லத் திரும்பி மலாமாவைப் பார்த்தாள். “புள்ளைங்கதான் பட்டினின்னு நெனச்சோம். வந்த விருந்தாளிக்குமா?”

“அதுவும் தலைவிக்கு!” என்றாள் இன்னொருத்தி.

“சாம்பா வீட்டுல அவன் அக்காவுக்கே சாப்பாடு இல்லையாம். ம்பிக்கா சங்கத்துக்கு நாம ஒரு வார்த்தை சொல்லணும். தேவாலயத்துல ஜெபமும் வைக்கணும். சட்டியைக் கொண்டாங்கடி, சாயங்காலம் மறுபடி வருவோம்.”

சிலேஷேவின் முகத்தில் இருந்த கலக்கத்தைப் பார்த்தேன். தம்பி வீட்டு மானம். ம்பிக்கா வரை போகும். சங்கத்தின் ஜெபப் பட்டியலில் அவள் பெயர், பஞ்சம் பாதித்தோர் என்று.

“இல்ல இல்ல, நில்லுங்க” என்றாள். “சாப்பிட்டேன்.”

“இப்பத்தானே இல்லைன்னீங்க?”

“சும்மா வாய்ப் பழக்கத்துல சொன்னது.”

“பாவம், தம்பி பொண்டாட்டியை விட்டுக் குடுக்க மனசு வரல” என்றாள் கலூபா அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“அடி, சாப்பிட்டேன்டி! பீன்ஸும் சோறும். ரெண்டு தட்டு!”

“ரெண்டரை அத்தை” என்றாள் லொம்பே.

“ரெண்டரைத் தட்டு! வயிறு ரொம்பச் சாப்பிட்டேன். போதுமா?”

தெரு முழுக்கக் கேட்டது. அடுத்த தெருவிலும் கேட்டிருக்கும். லொம்பே, வகுப்பில் கை தூக்குவது போலக் கையைத் தூக்கினாள்.

“அப்படின்னா நாங்களும் சாப்பிட்டோமா அத்தை? திங்கள், செவ்வாய், புதன் எல்லாம்?”

சிலேஷே பிள்ளையைப் பார்த்தாள். ஏழு பெண்களைப் பார்த்தாள். அவள் வாயைத் திறந்து மூடினாள். அந்த வித்தை எனக்குப் பழக்கம் என்பதால் அனுதாபப்பட்டேன்.

“சாப்பிட்டீங்க” என்றாள் கடைசியில். “மலாமா, அந்தப் புஸ்தகக் கட்டை உள்ள கொண்டுபோய் வை.”

மலாமா அசையவில்லை. “அண்ணி?”

“காதுல விழலையா? உள்ள வைன்னேன். திங்கக்கிழமை வகுப்பு இருக்குல்ல.”

மலாமா உள்ளே போனாள். உள்ளே ஏதோ விழுந்து உடைந்த சத்தம் கேட்டது. அவள் குதித்திருக்க வேண்டும், அல்லது சோலா எதையாவது படித்திருக்க வேண்டும்.

நான் மெதுவாக வேலியை விட்டு நகர்ந்தேன். இரண்டடி வைத்திருப்பேன்.

“லொம்பே,” என்றாள் சிலேஷே, “சோறு சாப்பாடு இல்லைன்னு உனக்கு யாரும்மா சொன்னது?”

“ஷாவா தாத்தா. சோறு பயிற்சியாம். சர்க்கரைவள்ளி பொழுதுபோக்காம்.”

எட்டுப் பெண்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். முப்பத்தொரு வருஷ உத்தியோகத்தில் இரண்டு முறை ரயில் தடம் புரண்டு பார்த்திருக்கிறேன். அவை பரவாயில்லை.

“கோபிக்கக் கூடாது, கேலி முறை” என்று நினைவூட்டினேன்.

“யார் கோபப்பட்டா? அபராதம்தான்” என்றாள் சிலேஷே இனிமையாக. “அட்டவணை அப்படியே இருக்கட்டும். ஆனா ஒரு உருண்டை களியாவது உள்ள போனாதான் இந்தப் புள்ளைங்க வாய் ஊருக்குள்ள ‘சாப்பிட்டோம்’னு சொல்லும். வகுப்பு இருக்கற நாலு நாளும் ஒரு சின்னச் சட்டி களி, ஆளுக்கு ஒரு உருண்டை, இந்த எலி தின்னி கிண்டணும். ரெண்டு வருஷம்.”

“எனக்கு முழங்கால் வலி.”

“களி கையாலதான் கிண்டறது.”

ஏழு பெண்களும் ஏகமனதாக ஆதரித்தார்கள்.

இப்போது ஒன்றே கால் வருஷம் ஆகிறது. மலாமா முதல் வருஷத் தேர்வில் தேறிவிட்டாள். திங்கள் முதல் வியாழன் வரை ஐந்தரை மணிக்கு அவள் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவாள். நான் துடுப்பை எடுத்துக்கொண்டு உட்காருவேன். துடுப்பைக் கயிற்றால் என் மணிக்கட்டில் கட்டியிருக்கிறேன், ஏரிப் போக்குவரத்து காரணமாக. என் களியில் கட்டியே இருப்பதில்லை. இருக்கிறது என்று கபாசா சொல்வான். நம்பாதீர்கள், அவன் பெம்பா.

சுவரில் அந்த அட்டவணை இன்னும் இருக்கிறது. லொம்பே அதில் சிவப்புப் பென்சிலால் என் பெயரைச் சேர்த்துவிட்டாள். செவ்வாய்க்கிழமைக்கு நேராக இப்போது இப்படி இருக்கிறது: மாக்கரோனி, தக்காளி, முட்டை, ஷாவா தாத்தா.